அளவு அக்காவும் ஆறு மில்லிமீட்டரும்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என் மகளுக்கு மூக்கிலிருந்து தண்ணீர் வரும். இரண்டையும் பொறுத்துக்கொண்டு ஒரு வருடம் எங்களோடு மல்லுக்கட்டியவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் அவரை அளவு அக்கா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

நான் துணி தைக்கிறவள். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு மேசை, இரண்டு தையல் மெஷின், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இதுதான் என் கடை. மகளுக்கு அப்போது ஐந்து வயது. காலையில் கண் விழித்தால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல் போட்ட பிறகுதான் பேச்சே வரும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. அந்தத் தேய்ப்பைப் பார்த்துத்தான் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தோம்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா ஒரு நாள் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூக்குல அடிக்கிற இந்த மருந்து பெரியவங்களுக்கு நல்லா கேக்குது. சின்னப் பிள்ளைங்களுக்குத் தினமும் அடிச்சா வளர்த்தி குறையுமான்னுதான் தெரியணும். ஒரு வருஷம் பாக்கப்போறோம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. பாட்டில் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

நான் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் மின்சார வேலை பார்க்கிறவர், எதையும் ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். அவர்கூட, "உனக்குச் சரின்னு பட்டா சரி" என்று விட்டுவிட்டார். நாத்தனார்தான் விடவில்லை.

"சோதனைக்கு எலியப் பிடிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன் அண்ணி. நீங்க வீட்டுச் சுண்டெலியையே கொண்டுபோய் விட்டுட்டு வந்திருக்கீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை முதல் தடவை மகளின் மூக்கில் அந்தப் பாட்டிலை வைத்தபோது என் கை நடுங்கியது. ஊசியில் நூல் கோக்க நடுங்காத கை.

மாதம் ஒருமுறை, காலை ஒன்பதரைக்கு, இரண்டாம் மாடியில் கோடி அறை. சுவரில் ஒரு நீளமான அளவுப் பலகை, அதில் மேலும் கீழும் நகரும் ஒரு தலைக்கட்டை, பக்கத்தில் ஒரு முக்காலி. முக்காலி பிள்ளைகளுக்கு இல்லை, உயரம் அளக்கிற அளவு அக்காவுக்கு. ஆள் அவ்வளவு குள்ளம். கொஞ்சம் நெடுநெடுவென்று வளர்ந்த பிள்ளை வந்தால், முக்காலியில் ஏறித்தான் கோட்டைப் பார்ப்பார். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு குஷி. அவரும் அதைக் குறைவாக நினைத்ததே இல்லை.

"வளராத ஆளைத்தான் வளர்த்தி பாக்க வைக்கணும். அவளுக்குத்தான் அதோட அருமை தெரியும்" என்பார்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. நான் இருபது வருடமாக அளவெடுக்கிறவள். பிள்ளை மூச்சுவிடுகிற நேரத்தில் தோள், மார்பு, இடுப்பு எல்லாம் எடுத்துவிடுவேன். இவர் ஒரே ஒரு உயரத்துக்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்று, காலுறையைக் கழற்று. கிளிப்பை எடு, பின்னலை அவிழ். குதிகால் சுவரில் படணும். பார்வை நேராக இருக்கணும். இழுத்து மூச்சு வாங்கி நிறுத்து. கட்டையை இறக்கி, எண்ணை எழுதி, பிள்ளையை விலகி நடக்கச் சொல்லி, மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று தடவை. போன மாதத்து எண்ணை ஓர் அட்டை வைத்து மூடியிருப்பார்.

"ஏங்க்கா, போன மாசம் என்னன்னு பாத்துக்கிட்டா சீக்கிரம் முடியுமே?" என்றேன்.

"பாத்தா, கண்ணு அதையே தேடும் டெய்லரம்மா. இருக்கிறதைப் பாக்காது."

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். காலையில் அரை மணி நேரம் போட்ட பின்னலை அவிழ்த்துவிட்டால் மறுபடி பின்னுவது யார்? அதை மட்டும் சத்தமாகவே கேட்டேன். அவர் சீப்பை எடுத்துப் பின்னிவிட்டார். நான் பின்னுவதைவிட நன்றாக இருந்தது, அது வேறு எரிச்சல்.

போகப் போக அவரைப் பற்றித் துண்டு துண்டாகத் தெரிந்தது. கணவர் பேருந்து ஓட்டுகிறார், அவர் நல்ல உயரம். அக்கா முன்பு ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். பிள்ளைக்கு என்று கேட்டு வருகிறவர்களிடம், பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்து, கால் பங்காக உடைத்துக் கொடுத்து, அதில் மனம் கசந்துபோய் அந்த வேலையை விட்டிருக்கிறார். "பிள்ளைன்னா பாதி ஆளுன்னு எவன் சொன்னான்? யாராவது அளந்து பாத்தாங்களா?" என்று ஒரு நாள் என்னிடமே பாய்ந்தார். எனக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். அன்றுதான் அவரைப் பிடிக்க ஆரம்பித்தது.

மகள் ஆரம்பத்தில் நூற்றெட்டு சென்டிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டரும் இருந்தாள். மாதம் ஐந்து மில்லிமீட்டர் வீதம் ஏறினாள். மூன்றாம் மாதம் ஒரேயடியாக ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். நான் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். நாத்தனாருக்குப் போன் போட்டே சொன்னேன். தும்மலும் பாதியாகக் குறைந்திருந்தது. கையெழுத்துப் போட்டது நல்லதாகப் போயிற்று என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆறாம் மாதம் டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். அக்காவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை அளங்க" என்றார். அளந்தார்கள். அதே எண். மகள் போன மாதத்தைவிட ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தாள்.

வளரவில்லை என்றால்கூட ஏதோ சொல்லிக்கொள்ளலாம். பிள்ளை எப்படிக் குறையும்?

"இவ மட்டும் இல்லம்மா. இந்த வாரம் வந்ததுல இன்னும் ஏழு பிள்ளைங்களுக்கு இதே மாதிரி இருக்கு. மேல தெரிவிச்சிருக்கோம். அவங்க சொல்ற வரைக்கும் ஸ்பிரேயை நிறுத்திடுங்க" என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான். பையிலிருந்த பாட்டிலை எடுத்து மேசையில் ஓங்கி வைத்தேன்.

"எம்பிள்ளை எலும்பை உருக்கிட்டு, நிறுத்துங்கன்னு சாவகாசமா சொல்றீங்களா? யாரு கேட்டா உங்க மருந்தை? இத்தனை மாசமா நீங்க ஒருத்தர்கூடக் கவனிக்கலையா?" கடைசிக் கேள்வி அளவு அக்காவைப் பார்த்து. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவர் பலகைக்குக் கீழே, தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகளைச் சுவரில் நிறுத்திவைத்து என் டேப்பால் அளந்தேன். அளந்து என்ன செய்ய? போன மாதத்து அளவு என்னிடம் இல்லையே. கையெழுத்துப் போட்டது நான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நான் சண்டைக்குத் தயாராக, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, மகளோடு போனேன். கோடி அறையில் டாக்டரம்மாவும் அளவு அக்காவும் இருந்தார்கள். அக்காவின் கையில் ஒரு ரப்பர் விரிப்பு, சுருட்டியபடி. கண் சிவந்திருந்தது.

"டெய்லரம்மா, உங்க பொண்ணு குறையல. நான்தான் கூட்டி எழுதியிருக்கேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் மகளை வெறும் தரையில் நிறுத்தி அளந்து, எண்ணை என்னையே படிக்கச் சொன்னார். பிறகு விரிப்பைப் பலகைக்கடியில் விரித்து, அதன்மேல் நிறுத்தி அளந்தார். ஆறு மில்லிமீட்டர் கூடுதல்.

"குளிர் காலத்துல பிள்ளைங்க தரையில கால் வைக்கவே அழுதுச்சுங்க. ஒரு பிள்ளை நின்னதும் ஒண்ணுக்குப் போயிடுச்சு. பாவமா இருந்துச்சு. வீட்டுலேர்ந்து இதை எடுத்துட்டு வந்து போட்டேன். குளிர் போனதும் சுருட்டி பீரோவுக்குப் பின்னாடி வெச்சிட்டேன். அப்புறம் அதை மறந்தே போயிட்டேன்."

தினமும் காலையில் பலகையைச் சரிபார்க்க ஓர் இரும்புக் கம்பி உண்டு. சரியாக அறுபது சென்டிமீட்டர். அதைத் தரையில் நிறுத்திக் கட்டையை இறக்கினால் அறுபது காட்ட வேண்டும். அக்கா ஒரு நாளும் தவறாமல் அதைச் செய்திருக்கிறார், எட்டரை மணிக்கு. விரிப்பைப் போட்டது ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் வரும்போது. கம்பிக்குக் கால் குளிராது அல்லவா, அது வெறும் தரையில் நின்றது. பிள்ளைகள் மட்டும் விரிப்பில் நின்றார்கள்.

மேசையில் துணியை விரிக்கும்போது அடியில் ஒரு துண்டு மடிந்து கிடந்தால் வெட்டு எப்படித் தப்பும் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி எத்தனை கெடுத்திருக்கிறேன். துணி சுருங்கிவிட்டது என்று எத்தனை பேரிடம் சப்பைக்கட்டு கட்டியிருக்கிறேன். மூன்றாம் மாதம் மகள் கிடுகிடுவென்று வளர்ந்ததும், இப்போது குறைந்ததும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. அப்படியே முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். பிள்ளை ஆறு மாதத்தில் சரியாக மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"இவங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மருந்தைத்தான் சந்தேகப்பட்டிருப்போம். முந்தாநாள் நீங்க போனதும் நேரா எங்கிட்ட வந்து சொன்னாங்க" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் குனிந்து விரிப்பை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "இந்த ஆளு இருக்கிற இடத்துல பிள்ளையை விடலாம்."

விட்டோம். மேலிடம் சரி என்றதும் ஸ்பிரேயையும் மறுபடி ஆரம்பித்தோம்.

அக்கா தப்பித்துவிடவில்லை. அந்த மூன்று மாதத்தில் வந்த ஒவ்வொரு பிள்ளையின் தாளிலும், எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, "அடியில் விரிப்பு இருந்தது, தவறு என்னுடையது" என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறுபது பிள்ளைகள், ஒருவருக்கு மூன்று தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே போன் செய்தார், சிலரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒரு மாதம் அவரைப் பலகைப் பக்கமே விடவில்லை. அந்த மாதம் வேறு ஒருவர் அளந்தார். உயரமானவர், முக்காலி வேண்டியிருக்கவில்லை. என் மகள் மூச்சை இழுத்து நிறுத்த மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

அக்கா திரும்பி வந்த அன்று நான் ஒரு பை நிறையத் துணிச் செருப்பு கொண்டுபோனேன். கடையில் மிஞ்சிய கம்பளித் துண்டுகளில் தைத்தது, சின்னதும் பெரியதுமாகப் பன்னிரண்டு ஜோடி. வாசலிலிருந்து பலகைவரை பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டு நடக்கலாம். பலகைக்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புக்கா" என்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

"நீங்க அப்படிப் பேசினதாலதான் நான் தரையைப் பாத்தேன்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு பிள்ளை நிற்கும் முன்பும் குனிந்து, பலகைக்கடியில் உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். வருடம் முடியும்வரை ஒரு பிள்ளைக்குக்கூட அது தவறியதில்லை.

ஆய்வு முடிந்து, எல்லாக் கணக்கும் பார்த்து, எங்களுக்குக் கடிதம் வர மேலும் பல மாதம் ஆனது. மருந்து அடித்த பிள்ளைகளும் தண்ணீர் அடித்த பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்திருந்தார்களாம். கடைசி வரியில், என் மகளின் பாட்டிலில் இருந்தது எது என்று போட்டிருந்தார்கள். உப்புத் தண்ணீர்.

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு வருஷமா தண்ணிக்கா அண்ணி அந்தப் பாடு பட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரை வைத்துக்கொண்டு எம்பிள்ளை எலும்பை உருக்கிவிட்டீர்கள் என்று கத்தியிருக்கிறேன். அக்கா அந்த விரிப்பைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நான் சாகும்வரை அதை நம்பியிருப்பேன். பார்க்கிற தாய்மாரிடமெல்லாம் சொல்லியிருப்பேன். எங்கோ ஒரு தாய், என்னைப் போலவே நடுங்கிக்கொண்டு, நிஜ மருந்தைத் தன் பிள்ளைக்கு வருடம் முழுக்க அடித்திருக்கிறாள். அவள் யாரென்று தெரியாது. அவளுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த வசந்தத்தில் மகளுக்குத் தும்மல் மறுபடி கூடியது. டாக்டரம்மா இந்த முறை நிஜ மருந்தையே எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை மகளை நாற்காலியில் உட்காரவைத்து, பாட்டிலைக் குலுக்கி, மூக்கில் வைத்தேன்.

"அம்மா, இது தண்ணியா, மருந்தா?" என்றாள்.

"மருந்து."

"அளவு அக்கா பாத்துட்டாங்களா?"

"பாத்துட்டாங்க" என்றேன். அழுத்தினேன். கை நடுங்கவில்லை.