பாதியில் அறுந்த சோடிப் பாட்டு

வாகரைப் பக்கத்து நாட்டுப் பாடகர் ஒருவரின் பாட்டென்றால் எனக்கு உயிர். அவர் தனியாகப் பாடியவை கடைகளில் கிடைத்தன. மற்றவர்களோடு சோடியாகப் பாடியவைதான் சிதறிப் போயின. ஒன்று யாரோ வீட்டுக் கல்யாண வீடியோவில் இருக்கும், ஒன்று திருவிழாவில் பதிந்த கசட்டில் கிடக்கும். அவர் செத்த பிறகு, அவர் நினைவாக மற்றவர்கள் அந்தப் பாட்டுகளைப் பாடிப் போனில் போட்டார்கள். அவற்றையும் விடாமல் சேர்த்தேன்.

யாரிடமும் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். என் கணவர்தான் சைக்கிளில் போய் வாங்கி வருவார். “இவவுக்குச் சக்களத்தி இல்ல, எனக்குத்தான் போட்டிக்கு ஒரு பாட்டுக்காரன் இரிக்கான்” என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போன மாசியில் ஒலிபெருக்கிக்காரர் வீட்டிலிருந்து ஒரு பழைய கசட் கொண்டு வந்தார். மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அவர் வயல் வேலைக்கு வட்டைக்குப் போன பிறகு ஆசையோடு போட்டேன். பாடகரின் குரல், பின்னால் ஒரு பெண் குரல். முதல் வரி முடியுமுன்னே என்ன பாட்டென்று பிடிபட்டுவிட்டது. அது எங்கள் அம்மன் கோவிலில் வைகாசிச் சடங்கின் கடைசி நாளில், அம்மனின் சூடு தணியப் பாடும் குளிர்த்திப் பாட்டு. எங்கள் ஊரில் அதை வேறு நாளில் பாடமாட்டோம். தொடங்கிவிட்டால் பாதியில் நிறுத்தவும் கூடாது. எழும்பின சூடு தணியாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிடும் என்பார்கள்.

கேட்கவும் பயம், நிறுத்தவும் பயம். முடியும் வரை கேட்டுவிடுவோம் என்று குந்திக்கொண்டிருந்தேன். பாதியில் நாடா அறுந்துவிட்டது.

கொஞ்ச நாளில் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு முதுகெல்லாம் கொப்புளம். ஆஸ்பத்திரியில் கொப்பளிப்பான் என்று மருந்து தந்தார்கள். சீனி வருத்தம் உள்ளவர், வயதும் போனவர், மூச்சு வாங்கினால் உடனே கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்களுக்கு அது அம்மை, அம்மாளின் சூட்டால் வருகிற வருத்தம். வாசலில் வேப்பிலை கட்டினேன். அவர் மூச்சு விடும்போதெல்லாம் எண்ணிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். கசட் விஷயத்தை அவரிடம் சொல்லத் துணிவில்லை.

அந்தப் பெண் குரலை எனக்குத் தெரியும். வவுணதீவில் இருக்கிற ஒரு அக்கா. அறுந்த பாட்டுக்கு ஒரு வழி சொல்ல அவவால்தான் முடியும் என்று பட்டது. பாடகரின் நினைவாக அவ பாடிய பாட்டுகள் என்னிடம் இருந்தன. என் தங்கச்சியைக் கணவருக்குத் துணைக்கு விட்டுவிட்டு, பாலம் தாண்டிப் போய், விசாரித்து விசாரித்து அவவின் வேலிப் படலைக்கு வெளியே நின்றேன்.

“உள்ளுக்கு வாவன்கா! ஏன் வெயிலுக்க நிண்டு வேகிறாய்?”

“வரக்கூடாதக்கா. எங்கட வீட்ட அம்மாள் வந்திரிக்கா.”

நடந்ததைச் சொன்னேன். அவ சிரித்துவிட்டா. “கசட் பாடினதுக்கு அம்மாள் கோவிக்கிறதெண்டா, முதல்ல அந்த ஒலிபெருக்கிக்காரனுக்கெல்லோ கொப்பளிச்சிரிக்கணும்?”

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “எந்த இடத்தில அறுந்தது?”

சொன்னேன்.

“அங்கால இருந்து பாடி முடிச்சு விடுவம். ஆனா நான் ஒத்தையில பாட ஏலா. அவர் எடுத்துக் குடுப்பார், நான் பின்னால பாடுவன். அவர்ர இடத்த நீ எடு.”

“எனக்குப் பாட வராதக்கா.”

“இவ்வளவு காலமும் அவர்ர பாட்டச் சேத்து வச்சு என்னத்தக் கேட்டாய்? புருசன் வேணுமா, வெக்கம் வேணுமா?”

வேலிக்கு அங்கால அவ, இங்கால நான். ஒழுங்கையால் போன இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். கையில் போன் இருந்தது. இதைப் பதிந்தால் அந்தச் சோடிப் பாட்டு முழுதாகச் சேர்ந்துவிடும் என்ற நினைப்பு ஓடியது. அப்படி நினைத்த என்மேல் எனக்கே பயம் பிடித்தது. போனைப் பைக்குள் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை எடுத்தேன். அவ சேர்ந்தா. ஓரிடத்தில் ஒரு வரியை முந்திப் பாடிவிட்டேன். அவ கையைக் காட்டி அமர்த்தி, திரும்ப எடுக்கச் சொன்னா. அப்படித் திரும்ப எடுக்கலாமா என்று கேட்கப் பயந்து, கேட்காமலே பாடி முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி வாசலில் நின்றாள். படலையிலிருந்தே கத்தினேன்.

“என்னடி?”

“கஞ்சி கேட்டார், குடுத்தன். உப்புக் காணாதெண்டு ஏசுறாரக்கா.”

உள்ளே போய் நெற்றியைத் தொட்டேன். சூடு அப்படியே இருந்தது.

“எங்க போன நீ?”

“பாட்டொண்டு கேட்டுப் போன நான்.”

“கிடைச்சதா? போடன் கேப்பம்.”

“இப்ப வேணாம். படுங்க.”

காய்ச்சல் விட இன்னும் பல நாள் எடுத்தது. அவ்வளவு நாளும் எங்கள் வீட்டில் ஒரு பாட்டும் போடவில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ பாடினாலும் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.