எட்டாத உயரத்தில் வேப்பிலை

எங்கள் ராஜபாளையத்தில் பொழுது விடிவதே மில் சங்கு ஊதித்தான். ஊரடங்கில் மில்களை மூடிய பிறகு சங்கும் நின்றது. நான் வழக்கமான நேரத்துக்கு விழித்து, ஊதாத சங்குக்குக் காது கொடுத்தபடி படுத்திருப்பேன். எப்போதாவது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வந்து, யாரும் வெளியே வராதீர்கள் என்று ஆளே இல்லாத தெருவுக்குச் சொல்லிவிட்டுப் போகும்.

கிருமி அண்டாமலிருக்க வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். கபசுரக் குடிநீர் குடித்தோம். வீட்டுக்கு வீடு நிலையில் வேப்பிலை கட்டினோம். அதில்தான் வினை வந்தது. அம்மை கண்ட வீட்டில்தான் எங்கள் பக்கம் வேப்பிலை கட்டுவார்கள். அந்தக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள், வாசலில் நின்று கூப்பிடவும் மாட்டார்கள். காப்புக்கென்று கட்டிய தழை முழுத் தெருவையும் அம்மை கண்ட தெருவாக்கிவிட்டது.

எதிர்வீட்டு அக்கா தனியாக இருந்தார். கணவர் இறந்துவிட்டார், மகன் பட்டாளத்தில். முதலில் அவர் இருமுவது கேட்டது. இருமல் கேட்கும்போதெல்லாம் தெருவில் ஏதாவது ஒரு ஜன்னலைச் சாத்துவார்கள். பிறகு இருமல் நின்றது. போன் போட்டேன், எடுக்கவில்லை. போனை எங்காவது வைத்துவிட்டுத் தேடுகிற ஆள்தான் அவர். தினமும் காலையில் அவர் வீட்டு நிலையில் பச்சைப் பசேலென்று புது வேப்பிலை தொங்கியது. எழுந்து நடமாடுகிறார், வேறென்ன வேண்டும் என்று இருந்தேன்.

ஒரு காலையில் வாசல் தெளித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். தழை நிலையின் மேல்சட்டத்தில் கட்டியிருந்தது. அக்கா குள்ளம். கொடியில் துணி காயப்போடவே முக்காலி தேடுவார். அப்படி இருமிக் கிடந்தவர் தினமும் முக்காலி போட்டு ஏறியா கட்டுகிறார்? வாளியை அப்படியே போட்டுவிட்டு அக்கா வீட்டு வாசலுக்கு ஓடினேன்.

"வேப்பிலை கட்டுன வீடு. தட்டாத," என்றார் என் வீட்டுக்காரர்.

தட்டினேன். சத்தம் கேட்டு, வாசலில் வேப்பமரம் நிற்கும் தெருமுக்கு வீட்டு அண்ணாச்சி ஓடிவந்தார். "நாந்தாம்மா கட்டுதேன். ஆம்பள இல்லாத வீட்டுக்கெல்லாம் விடியுமுன்ன கட்டிட்டு வந்துருவேன். கூப்பிடக் கூடாதுல்லா, அதான் அவியளக் கூப்பிடல."

நான் மறுபடி மறுபடி தட்டினேன். உள்ளே தரையில் ஒரு டம்ளர் உருண்டது. என் வீட்டுக்காரரும் அண்ணாச்சியும் கதவை நெம்பித் திறந்தார்கள். அக்கா சுவரோரம் கிடந்தார். மூச்சு இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். ஜன்னல் வழியே கஞ்சி கொடுத்தபோது என் கையை விடவில்லை.

"தெனமும் கதவுல சலசலன்னு கேக்கும் ஏட்டி. நீதான் வந்து கட்டுதன்னு நெனச்சேன். நம்மள நெனைக்க ஒரு ஆள் இருக்குன்னு உசுரப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தேன்."

அந்தக் கையைப் பிடித்தபடியே அழுதேன்.

இப்போது தெருவில் எந்தக் கதவில் வேப்பிலை கட்டியிருந்தாலும் நேரே போய்த் தட்டிவிடுகிறேன். முறை தெரியாதவள் என்று உள்ளேயிருந்து திட்டுகிறார்கள். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் நான் வீட்டுக்குத் திரும்புவேன்.