அந்தியை வணங்கும் பெண்கள்

காட்டுக்குள் உட்கார்ந்து மாலைப் பொழுதை ரசிப்பதற்கென்றே கட்டிய சொகுசு விடுதிகளைப் பற்றி யாராவது என்னிடம் புகழ்ந்தால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும். போய்விட்டு வந்தவர்கள் படம் காட்டுவார்கள். மரத்தளம், மூங்கில் விளக்கு, கையில் ஒரு கோப்பை, எதிரே சூரியன். அழகாக இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மாதிரி ஒரு தளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவள் நான்.

நான் ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். சுவரில் சுண்ணாம்பு உதிரும், மழைக்கு ஒழுகும், ஆனால் கதவு போட்ட கக்கூஸ் இருந்தது. அது ஒரு பாக்கியம் என்று கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருமழிசைக்குப் பின்னால் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். மாமனாருக்கு நிலம் இருந்தது. மாடி வைத்த வீடு, கறவை மாடு, கலர் டி.வி. எல்லாம் இருந்தது. கணவர் தொழிற்பேட்டையில் சூப்பர்வைசர். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன எங்கள் ஆட்கள் மாடியைப் பார்த்தார்கள், மாட்டைப் பார்த்தார்கள். கக்கூஸ் எங்கே என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

வந்த அன்று சாயங்காலம் மாமியார் என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. தெருப் பெண்கள் ஆறேழு பேராகச் சேர்ந்து, இருட்டத் தொடங்கும் மசங்கல் நேரத்தில் எங்கள் சவுக்குத் தோப்புக்குப் போவார்கள். பகலில் எவ்வளவு முட்டினாலும் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்காகவே மத்தியானத்துக்கு மேல் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அங்கே ஒரு முறை உண்டு. வண்டி வெளிச்சமோ டார்ச் வெளிச்சமோ பட்டால் அத்தனை பேரும் சட்டென்று எழுந்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, வெளிச்சம் விலகும்வரை அசையாமல் நிற்க வேண்டும். எவள் என்று அடையாளம் தெரியக்கூடாது. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இரண்டாம் நாளே பழகிவிட்டது.

கக்கூஸ் கட்டச் சொல்லிக் கணவர் மூலம் கேட்டுப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் நானே மாமனாரிடம் கேட்டேன்.

"இன்னாமா பேசுற நீ? சோறு துன்ற ஊட்ல அத்த கட்டுவாங்களா? காலங்காலமா இப்டித்தான போய்கினு கீறாங்க" என்றார்.

அவருக்கென்ன, ஆண்பிள்ளை. விடிந்ததும் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் உலாப் போவார், பேசிக்கொண்டே திரும்பி வருவார்.

இரண்டாம் வருஷம் அந்தத் தோப்பை விற்றார். வாங்கியவர்கள் நகரத்துக்காரர்கள். காட்டு விடுதி கட்டப்போகிறோம் என்றார்கள். ஊரே சிரித்தது. காடாம்! வரிசை பிடித்து நட்டு, விறகுக்கு வெட்ட வேண்டிய சவுக்கு அது. சுற்றிலும் வேலி போட்டார்கள். மேலே கீற்று, உள்ளே ஏ.சி. என்று குடிசைகள் எழும்பின. மரத்தில் ஒலிபெருக்கியை ஒளித்துவைத்துக் குயில் சத்தம் போட்டார்கள். நிஜக் குயில் பக்கத்துப் புளியமரத்தில் கத்திக்கொண்டிருந்ததை யாரும் மதிக்கவில்லை. தினமும் ஐந்து மணிக்குப் புகை அடித்துக் கொசுவை எங்கள் பக்கம் விரட்டினார்கள். மேற்கே பார்த்து உயரமாக ஒரு மரத்தளம். ஆறு மணிக்கு ஒரு ஆள் வந்து மணி அடிப்பான். சூரியன் மறையப்போகிறது என்று அர்த்தமாம். ஏன், கண்ணால் பார்த்தால் தெரியாதா?

தோப்பு போனதும் எங்களுக்கு மிஞ்சியது வேலிக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் இருந்த முள்புதர்தான். அது அந்தத் தளத்துக்கு நேர் மேற்கே இருந்தது. தளம் போட்டவர் மேற்கே என்ன இருக்கிறது என்று ஊரில் ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. மேற்கே சூரியன் இருப்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

மணி அடித்த கையோடு மரங்களின் மேல் பெரிய விளக்குகளைப் போடுவார்கள். அது எங்கள் மேலும் விழும். எழுந்து நிற்போம். அணைப்பார்கள், உட்காருவோம். அழகு பார்க்க மறுபடி போடுவார்கள். அப்போது எனக்கு ஏழாம் மாதம். எழுந்து உட்கார்ந்து இடுப்பே விட்டுப்போகும். மாமியார் ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் வீட்டிலும் பேசாதவர். மருமகளாக வந்த புதிதில் அவரும் இதைக் கேட்டு, திட்டு வாங்கி, அதோடு விட்டவர் என்று பிறகுதான் தெரிந்தது.

பூந்தமல்லியில் டாக்டரம்மா என்னைப் பிடித்துத் திட்டினார். நீர்ச்சுருக்கு முற்றிவிட்டது, தண்ணீர் குடிக்காவிட்டால் குழந்தைக்கே ஆபத்து என்றார். தண்ணீர் குடித்தால் எங்கே போவது என்று அவரிடம் எப்படிக் கேட்பேன்? வீட்டில் வந்து சொன்னேன். மாமனார் டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "பாப்போம்" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. தினமும் ராத்திரி வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் படுப்பேன்.

அந்த வாரம்தான் கணவர் விடுதிக்காரர்கள் அச்சடித்த பளபளப்பான புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"நைனா, நம்ம ஊரு பொஸ்தகத்துல வந்துகீது பாரு!"

நடுப்பக்கம் முழுக்க ஒரே படம். சிவந்த வானம். ஆறு பெண்கள் சூரியனைப் பார்த்து வரிசையாக நிற்கிறார்கள். கையில் சொம்பு. கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கணவர் தமிழில் படித்துச் சொன்னார்: "அந்தியை வணங்கும் கிராமத்துப் பெண்கள். நூற்றாண்டுகளாக இவர்கள் மாறாமல் காத்துவரும் சடங்கு."

பெற்ற தாயும் கட்டிய மனைவியும் அதில் நிற்பது அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பின்பக்கமாக இருந்தால் எப்படித் தெரியும் என்று பிறகு என்னிடமே கேட்டார். மாமனார் அந்தப் பக்கத்தைக் கிழித்து, கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார். வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார். எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே கூசியது. இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் நாள் கரையான்சாவடியிலிருந்து அவருடைய சம்பந்தி முறைக்காரர் வந்தார்.

"எங்க தோப்பாண்ட எட்த்ததுபா. இன்னா பக்தி பாரு" என்றார் மாமனார்.

காப்பி கொடுக்க வந்த நான் டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"மாமா, மூணாவதா வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிறது நான். பக்கத்துல என் கையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது அத்தை. சொம்புல இருக்கிறது சூரியனுக்குத் தீர்த்தம் இல்ல. கழுவுறதுக்கு."

வந்தவர் காப்பியைத் தொடவில்லை. மாமனார் எழுந்து போய்ப் படத்துக்குக் கிட்டே நின்று பார்த்தார். தன் மனைவியின் புடவையை அவருக்கு அடையாளம் தெரிந்தது. ஒரு இழுப்பில் படத்தைக் கிழித்தார். திங்கட்கிழமை காலையில் கொத்தனார் கொல்லையில் கக்கூஸுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். என் வாய்க்கும் டாக்டரம்மா சொல்லுக்கும் நகராத மனிதர், தன் மானத்துக்கு மூன்றே நாளில் நகர்ந்தார். இன்றுவரை அவர் மேல் எனக்கு நன்றி என்று ஒன்று வந்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாகப் பிறந்தது. அதற்குள் மாமியார் யாரையும் கேட்காமல் தெருப் பெண்கள் அத்தனை பேருக்கும் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டிருந்தார். மாமனார் முனகினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழந்தைக்கு மூன்று மாதம் இருக்கும்போது விடுதி மேனேஜர் வீடு தேடி வந்தார். டை கட்டியிருந்தார், கையில் பழத்தட்டு.

"அம்மா, கொஞ்ச நாளா லேடீஸ் யாரையும் சாயங்காலப் பூஜைக்குக் காணோமே. கெஸ்ட் எல்லாம் ரொம்ப கேக்கறாங்க. மறுபடி வந்து ஒரு அரைமணி நேரம் நின்னா போதும். புடவைகூட நாங்களே எடுத்துக் குடுத்துடறோம், எல்லாருக்கும் ஒரே கலர்ல."

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் எழுந்தார். வா என்று கையைக் காட்டி, அவரைக் கூடத்தைத் தாண்டி, அடுப்பங்கரையைத் தாண்டி, கொல்லைக்கு அழைத்துப் போனார். தகரக் கதவைத் திறந்து காட்டினார்.

"தோ, இங்கதாம்பா இப்ப பூஜ. உன் கெஸ்ட்ட இங்கயே இட்டுகினு வா."

மேனேஜர் உள்ளே பார்த்தார், சொம்பைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். மெல்ல முகம் வெளுத்தது. பழத்தட்டைக் கையில் பிடித்தபடியே வந்த வழியில் போய்விட்டார்.

மணி அப்போது பகல் பதினொன்று. மாமியார் சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.