விசா வந்த கிழமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே கடிதத்துக்காகத்தான் காத்திருந்தோம். காரணம் மட்டும் ஆளுக்கொன்றாக இருந்தது.

கடிதம் வரவேண்டியது சித்திக்கு. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை அம்மா தன் கலியாணத்தோடு கூடவே மன்னார்க் கரையில் உள்ள எங்கள் ஊரான தாழ்வுபாட்டுக்குக் கூட்டிவந்து வளர்த்தார். பிறகு ஒருநாள் கனடாவில் இருந்து ஒருவர் இரண்டு கிழமை, பதினாலே நாள், லீவில் வந்தார், சித்தியைப் பார்த்தார், மன்னார் ரவுனில் கலியாண எழுத்தை, அதாவது பதிவை, முடித்துக்கொண்டு திரும்பிப் போனார். தாலி கட்டுவது விசா கிடைத்த பிறகு அங்கே உள்ள கோயிலில் என்று பேச்சு. அதற்குப் பிறகு மூன்று வருடமாக விசா வரவில்லை. எனக்கு அந்தச் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கேட்கிற ஒரு குரலாகவும், நத்தார்ப் பண்டிகைக்கு வருகிற சொக்கிலேற் பெட்டியாகவும்தான் இருந்தார்.

கடிதம் வந்தால் தன் பொறுப்பு இறங்கும் என்று அம்மா காத்திருந்தார். அப்பா காத்திருந்தது எஞ்சினுக்கு. அவர் மீன்பிடிக்கப் போகும் போட்டின் பழைய எஞ்சினுக்குப் பாதிக் கடலில் நின்றுவிடும் பழக்கம் இருந்தது. "இவள் வந்து சேரட்டும் அண்ணை, ஒரு புது எஞ்சின் பாப்பம்" என்று சித்தப்பா ஒருமுறை சொன்னதை அப்பா சுவிசேஷம் போல நம்பினார். நான் காத்திருந்தது சைக்கிளுக்கு. சித்தியிடம் ஊதா நிறத்தில், முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று இருந்தது. "நான் போனா இது உனக்குத்தான்" என்று அவரே சொல்லியிருந்தார்.

சித்தி எதற்காகக் காத்திருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கடிதமே அவருக்குத்தானே வருகிறது, அவரிடம் போய் அதைக் கேட்பானேன்?

சித்தி ஒரு முன்பள்ளியில் டீச்சராக இருந்தார். காலையில் என்னைப் பின்னால் ஏற்றிப்போய் என் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவார். ஒரு திங்கட்கிழமை அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தபால்காரர் எதிரே வந்தார். எங்களைக் கண்டதும் தூரத்திலேயே கையைத் தூக்கினார்.

"தங்கச்சி, பதிவுத் தபால். கொழும்பில இருந்து. உங்கட வீட்டுக்குத்தான் வெளிக்கிட்டனான்."

சித்தி சைக்கிளை நிறுத்திக் கையெழுத்துப் போட்டார். தடித்த உறை. சோளகக் காற்று அதைப் பறித்துக்கொண்டு போகப் பார்த்தது. சித்தி முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நின்று உறையைக் கிழித்தார். உள்ளே அவருடைய பாஸ்போர்ட் இருந்தது. ஒரு பக்கத்தில் அவர் படம் ஒட்டிய பளபளப்பான தாள். அந்தப் பக்கத்தையே சித்தி பார்த்துக்கொண்டு நின்றார். நான் சைக்கிளின் கூடையைத் தொட்டுப் பார்த்தேன்.

சித்தி பாஸ்போர்ட்டை மூடிக் கைப்பையின் அடியில், பிள்ளைகளுக்காக வாங்கிய நிறப் பென்சில் பெட்டிகளுக்குக் கீழே வைத்தார். பிறகு தபால்காரரிடம் சொன்னார்.

"அண்ணை, வீட்டில சொல்லாதையுங்கோ. நானே சொல்லுறன்."

"கடிதம் உங்கட. எனக்கென்ன தங்கச்சி" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

சித்தி என் பக்கம் குனிந்தார். "நீயும்தான். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது. கலைவிழா முடியட்டும்."

கலைவிழா என்பது முன்பள்ளிப் பிள்ளைகளுடையது. அதற்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. கடலில் உள்ள மீன்கள் எல்லாம் கூடி ராசாவைத் தெரிவு செய்கிற கதை. சித்தியே எழுதியது. வீட்டில் கட்டிலுக்கடியில் காட்போட் மட்டையில் வெட்டிய நண்டுக் கால்களும் ஆமை ஓடும் கிடந்தன. நெத்தலியாக வரவேண்டிய பையன் சுறாவாகத்தான் வருவேன் என்று தினமும் அழுகிறான் என்று சித்தி இரவுச் சாப்பாட்டின்போது சொல்லிச் சிரிப்பார். நாலு வயதுப் பிள்ளைகள் அரை மணித்தியாலம் துள்ளுகிற கூத்து. அதற்காகக் கனடாவைப் பென்சில் பெட்டிக்குக் கீழே வைப்பார்களா? எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

அந்தக் கிழமை எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அம்மா வழக்கம்போல மாலைச் செபத்தில் "விசா கெதியாக் கிடைக்கோணும்" என்று ஒரு அருள்நிறைந்த மந்திரம் கூடுதலாகச் சொன்னார். சித்தியும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். நான் மட்டும் அந்த மந்திரத்துக்கு வாயை அசைத்தேன், சத்தம் விடவில்லை. வந்துவிட்ட ஒன்றைத் திரும்பக் கேட்டால் மாதா என்ன நினைப்பா?

போதாததற்குச் சனிக்கிழமை அம்மா எல்லோரையும் மடு மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனார். விசாவுக்கான நேர்த்திதான். பஸ்ஸில் இருந்து இறங்கியதும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். கடலில் விடியற்காலை வரை நின்றுவிட்டு வந்த அப்பா கோயிலுக்குள் முழங்காலில் நின்றபடியே தூங்கி விழுந்தார். அம்மாவுக்குப் பக்கத்தில் சித்தி, சித்திக்குப் பக்கத்தில் நான். சித்தியின் மடியில் அந்தக் கைப்பை. உள்ளே பாஸ்போர்ட் இருப்பது எனக்குத் தெரியும். காலையில் பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்தபோது கண்டேன்.

சித்தி அழுதார். சத்தமில்லாமல், நாடியில் இருந்து சொட்டும்வரை அழுதார். அதைப் பார்த்து அம்மாவும் அழுதார். "அழாதை, மாதா கைவிடமாட்டா" என்று அம்மா அவர் முதுகைத் தடவினார். எனக்கு மேலும் குழம்பிப் போயிற்று. அம்மா விசா வரவில்லை என்று அழுகிறார், அது சரி. விசா வந்தவர் எதற்கு அழுகிறார்?

வெளியே மரத்தடியில் அம்மா சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது நான் சித்தியின் காதுக்குள் கேட்டேன். "மாதாட்ட என்ன கேட்டனீங்கள்?"

"கொஞ்ச நாள்" என்றார் சித்தி.

"கொஞ்ச நாளில என்ன?"

"ஒண்டுமில்லை. கொஞ்ச நாள்தான் கேட்டனான்."

நாளை யாராவது கேட்பார்களா? நாள் தன்பாட்டில் வருவதுதானே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தொலைபேசி எடுத்தார். அம்மாதான் முதலில் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் குரல் ஏறியது. "அனுப்பியாச்சாமா? எப்ப? ஒரு கிழமைக்கு மேலயோ? ஐயோ, இஞ்ச ஒண்டும் வரேல்லையே தம்பி!" சித்தி அடுப்படியில் மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அங்கிருந்தே கூப்பிட்டுச் சொன்னார். "கேட்டியே, விசா அனுப்பிப்போட்டாங்களாம்! எங்கயோ துலைஞ்சு போச்சு!" சித்தி திரும்பிப் பார்த்தார், அம்மாவை அல்ல, என்னை. நான் என் கால் பெருவிரலைப் பார்த்தேன். சித்தி கையைக் கழுவிவிட்டு வந்து தொலைபேசியை வாங்கி, "ஓம்... ஓம்... பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்தநாள் காலை அப்பா மோட்டார்சைக்கிளை எடுத்தார். பள்ளிக்கூடத்தில் விடுவதாகச் சொல்லி என்னையும் ஏற்றினார். ஆனால் நேரே தபால் கந்தோருக்குத்தான் போனார். அப்பா சாதாரணமாக உரத்துப் பேசாத மனிதர். அன்று வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"எங்கட வீட்டுப் பதிவுத் தபால் எங்க?"

தபால்காரர் கடிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். ஒரு கொப்பியை எடுத்து மெதுவாகப் பக்கங்களைப் புரட்டினார். நான் அந்தக் கொப்பியை அறிவேன். அதில்தான் சித்தி கையெழுத்துப் போட்டார். அவர் ஒரு பக்கத்தில் சற்று நின்றார், பிறகு கொப்பியை மூடினார்.

"இன்னும் வரேல்லைப் போல அண்ணை. ரெண்டு மூண்டு நாள் பாருங்கோவன்."

"என்ன பாக்கிறது? கனடாவில இருந்து சொல்லுறாங்கள், அனுப்பியாச்செண்டு. ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை அந்தக் கடிதத்துக்குள்ள கிடக்கு. நீர்தான் எங்கயோ துலைச்சிருக்கிறீர். நான் பெரிய கந்தோருக்குப் போறன். உம்மட வேலை இருக்குமோ எண்டு பாப்பம்."

தபால்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நாலு பெண் பிள்ளைகள், கடைசிப் பிள்ளை என் வகுப்பு. அப்பா திரும்பி மோட்டார்சைக்கிளை நோக்கி நடந்தார்.

"சித்தி வாங்கிட்டா அப்பா" என்றேன்.

அப்பா நின்றார்.

"போன திங்கள். கைப்பைக்குள்ள கிடக்கு."

தபால்காரரைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று கனகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கணத்தில் ஊதா நிறமும் என் கண்ணுக்குள் இருந்தது. எது முந்தியது என்று இப்போது கேட்டாலும் என்னால் சொல்ல முடியாது. தபால்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி இருக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதுவும் எனக்கு விளங்கவில்லை.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று பயந்தேன். வரவில்லை. சித்தி முன்பள்ளியால் வந்ததும் அம்மா கையை நீட்டினார். சித்தி பாஸ்போர்ட்டை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

"ஏனடி ஒளிச்சனீ?"

"கலைவிழா முடியட்டும் எண்டுதான் அக்கா."

அம்மா வாயைப் பிளந்தார். "பால்குடிப் பிள்ளையள் மீன் மாதிரித் துள்ளுறதைப் பாக்கவோ இதை ஒளிச்சனீ?"

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை முத்தமிட்டு மாதா படத்துக்கு முன்னால் வைத்தார். கடைசியில் சித்தியும் சிரித்தார். எல்லோரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் மாலையில் அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், "சித்தி வழியில ஆரோடயும் கதைக்கிறவவோ?" என்று கேட்டார். நான் நன்றாக யோசித்து உண்மையைச் சொன்னேன்: தபால்காரர், பாண்காரர், கோயில் சுவாமி, நெத்தலிப் பையனின் தாய். அம்மா பெருமூச்சு விட்டார். அவர் தேடிய ஆள் அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி ஒரு ஆள் எங்கும் இருக்கவில்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். இருந்திருந்தால் அம்மாவுக்கு விளங்கியிருக்கும்.

இரவு சித்தப்பா மறுபடி எடுத்தார். சனி ஞாயிறுதான் அவருக்கு வேலை இல்லை, விமான நிலையத்துக்கு வர வசதி, ஆகவே வெள்ளிக்கிழமைக்கு ரிக்கற் போட்டாயிற்று என்றார். கலைவிழா அதற்கு மறுநாள். ஒரு கிழமை பொறுத்துப் போடலாமா என்று கேட்பார் என்று நான் சித்தியின் வாயையே பார்த்தேன். சித்தி கேட்கவில்லை. "ஓம், வெள்ளிக்கிழமை நல்லது" என்றார்.

மிச்ச நாட்களில் வீடு நிறைய ஆட்கள். மாசிச் சம்பலும் கருவாடும் பொதியாயின. அம்மா எல்லோருக்கும் பலகாரம் கொடுத்தார். அப்பா எஞ்சினின் குதிரை வலுவைப் பற்றித் தன் கூட்டாளிகளிடம் விளக்கினார். சித்தி புதன்கிழமை வரை முன்பள்ளிக்குப் போனார். வியாழக்கிழமை விடிய, கட்டிலுக்கடியில் கிடந்த மட்டைகளை எல்லாம் எடுத்து, எந்தக் கால் எந்த நண்டுக்கு என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பிள்ளையின் பெயரை எழுதி, கயிற்றால் கட்டி வேறொரு டீச்சரிடம் கொடுத்துவிட்டார். சைக்கிளின் காற்றைப் பார்த்து, சீற்றை என் உயரத்துக்கு இறக்கிப் பூட்டின் திறப்பை என் கையில் தந்தார். நான் சைக்கிளை அன்றே முற்றத்தில் ஓடிப் பார்த்தேன். இரண்டு முறை விழுந்தேன். பரம சந்தோஷம்.

இப்போது எனக்குச் சித்தியின் அன்றைய வயது. அவர் அந்த மனிதரோடு சேர்ந்து இருந்த நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். இரண்டு கிழமை, அதுவும் எப்போதும் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ நானோ இருந்த இரண்டு கிழமை. அன்றைக்கு அதை எண்ண எனக்குத் தோன்றவில்லை. கனடா என்றால் எல்லோருக்கும் ஆசையான இடம். ஆசையான இடத்துக்குப் போகிறவர் சந்தோஷமாகத்தான் இருக்கவேண்டும் என்பது கணக்குப் பாடம் போலத் தெளிவாக இருந்தது.

கொழும்புக்குப் போகும் வான் வியாழக்கிழமை பின்னேரம் வந்தது. அப்பாவும் அம்மாவும் கூடப் போனார்கள். எனக்கு இடமில்லை, அயல்வீட்டில் விட்டார்கள். எல்லோரும் ஏறிய பிறகு சித்தி திரும்ப இறங்கி வந்து என் முன்னால் குந்தினார். புதுச் சேலை மணலில் படுகிறதே என்று அம்மா வானுக்குள் இருந்து சத்தம் போட்டார். சித்தி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, எனக்கு உன்னில கோவமில்லை. என்ன?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம் எதற்கு? கடிதத்தை வெளியே கொண்டுவந்தது நான். ஒரு கிழமை முழுக்க அந்த இரகசியத்தைச் சுமந்து, செபத்தில் வாயை மட்டும் அசைத்து, மாதாவுக்கு முன்னால் பயந்து நின்றதும் நான். நியாயமாகப் பார்த்தால் கோபிக்க வேண்டியவள் நான்தான். ஆனால் பெரிய பயணம் போகிறவரிடம் அதைச் சொல்லக்கூடாது என்று தோன்றியது. நல்ல பிள்ளையாகப் பதில் சொன்னேன்.

"எனக்கும் உங்களில கோவமில்லை சித்தி."

சித்தி என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் முகத்தை வைத்தார், உடம்பு குலுங்கியது. நான் பகிடி விட்டுவிட்டேன் போலிருக்கிறது, சித்தி சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன்.