பதின்மூன்றாம் உறையிலிருந்து

கறுத்த திரையில் வெள்ளைக் கோடுகள். மேலிருந்து கீழாக முப்பது நிரல்கள், ஒரு நிரல் ஒரு செடி. முதல் பன்னிரண்டிலும் கோடுகள் மேலும் கீழுமாகச் சிதறி, ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் நின்றன. பதின்மூன்றாவதிலிருந்து கடைசிவரை எல்லாம் ஒரே மட்டத்தில், அடிமட்டம் வைத்து இழுத்ததுபோல நேராகப் போயின. ஆய்வுகூடத்துக் கணினிக்கு முன்னால் மெடம் உட்கார்ந்திருந்தார். நான் அவருடைய கதிரைக்குப் பின்னால் நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அந்தக் கோடுகள் ஏன் அப்படி நேராக வந்தன என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

மெடம் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிப்பவர். காரைதீவில் பிறந்து வளர்ந்தவர். புற்களிலும் பயிர்களிலும் ஒரே இனத்துக்குள் எத்தனை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்பதுதான் அவருடைய ஆய்வு. நாம் வயலில் விதைக்கும் நெல்லுக்குச் சதுப்பிலும் வாவிக்கரையிலும் சொந்தங்கள் உண்டு. நீண்ட மீசையோடு, தொட்டவுடன் கொட்டிப்போகும் மணிகளோடு, யாரும் விதைக்காமலே வளரும் காட்டு நெல் அது. விவசாயிக்கு அது களை. மெடமுக்கு அப்படியில்லை. "வாங்கி விதைக்கிற நெல்லுக்கு ஒரே முகம்தான் பிள்ள. ஒரு நோய் வந்தா எல்லாம் ஒண்டாப் படுத்திரும். வாவி உப்புத் தண்ணி ஏறினாலும் அப்பிடித்தான். இந்தக் காட்டு நெல்லுக்கதான் கனக்க முகம் கிடக்கு" என்பார். சொல்லும்போது அவர் கை தானாக ஏதாவது ஒரு நெற்கதிரைத் தடவிக்கொண்டிருக்கும்.

நான் அவரிடம் வேலை கேட்டுப் போனபோது மகளுக்கு ஐந்து மாதம். பட்டம் முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு அது கிடைத்த முதல் வேலை, அதுவும் தற்காலிக வேலை. "கைப்பிள்ளையோட ஏலுமா?" என்று கேட்டார். "ஏலும் மெடம்" என்றேன். "ஏலாத நாளில ஏலாதெண்டு சொல்லோணும். எனக்கு அதுதான் தேவை." வேலையையும் அன்றே காட்டித் தந்தார். ஒரு செடியில் ஒரு துண்டு இலை கிள்ளி, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட காகித உறைக்குள் வைத்து, பென்சிலால் இலக்கம் எழுத வேண்டும். பிறகு காலை அகல வைத்து ஐந்து கவடு நடந்து அடுத்த செடி. பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால், அடியால் படர்ந்த ஒரே செடியை இரண்டென்று நினைத்து எடுத்துவிடுவோம். ஓர் இடத்துக்கு முப்பது உறை. "முப்பது கிடைக்காட்டி கிடைச்சதை எழுதுங்க. பத்தெண்டாப் பத்து. அதில ஒரு வெட்கமும் இல்ல" என்றார். இந்த வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த இலைகளை எடுத்த நாளில் மெடம் மாணவர்கள் இருவரோடு பெரியநீலாவணைப் பக்கம் போயிருந்தார். எங்கள் ஊருக்கு மேற்கே, வயல் முடிந்து வாவி தொடங்கும் சதுப்பை என் பொறுப்பில் விட்டிருந்தார். அபாயாவைத் தூக்கிச் செருகி, முழங்கால்வரை சப்பாத்து மாட்டிக்கொண்டு இறங்கினேன். நன்றாகத்தான் செய்தேன். கவடு எண்ணி, செடியைச் சுற்றிப் பார்த்து, இலையில் ஒட்டிய சேற்றைத் துடைத்து உறைக்குள் வைத்தேன். பன்னிரண்டாவது முடிந்தபோது உம்மாவின் அழைப்பு வந்தது.

"புள்ள வீரிட்டுக் கத்துதுகா. போத்தல வாயில வெச்சாத் துப்புது. உன்ட வேல முடியல்லையா இன்னும்?"

"இன்னும் கொஞ்சம் உம்மா."

"புல்லுப் புடுங்குறதுக்கு ஒரு பட்டம்! கெதியா வா."

பின்னால் மகளின் அழுகை கேட்டது. அதைக் கேட்டதும் என் மார்பில் பால் சுரந்து, உடுப்பு நனைந்து, அபாயாவுக்கு வெளியேயும் ஈரம் தெரிந்தது. முன்னால் ஒரு பெரிய காட்டு நெற்புதர் நின்றது. அதிலிருந்தே பதினெட்டு இலைத் துண்டுகளைக் கிள்ளினேன். பதின்மூன்றிலிருந்து முப்பதுவரை இலக்கம் போட்டேன். ஆட்டோவில் ஏறும்போது முப்பது உறையும் கட்டாகக் கையில் இருந்தது.

மகளுக்காகச் செய்தேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். மகளுக்காக என்றால் பன்னிரண்டு உறையோடு அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். இன்னும் பத்து நிமிடம் முந்தியே பால் கொடுத்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் வெற்றிடம் விடாமல் விடை எழுதிப் பழகிய பிள்ளை நான். தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதி நிரப்பிவிட்டுத்தான் எழும்புவேன். கைக்குழந்தைக்காரியை எடுத்தது பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற பயமும் இருந்தது. மெடம் அப்படி நினைக்கிற ஆள் இல்லை என்று தெரிந்தும் அந்தப் பயம் போகவில்லை. மறுநாள் கட்டை வாங்கி எண்ணிப் பார்த்து, "முப்பதுமா? கெட்டிக்காரி" என்றார். அந்தச் சொல்லைக் கேட்கத்தான் அவ்வளவும் செய்தேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

இலைகளின் மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது வந்த படம்தான் நான் முதலில் சொன்னது. மெடம் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"இந்தப் பதினெட்டும் கவடு விட்டுத்தானே எடுத்தீங்க?"

"ஓம் மெடம். அஞ்சு கவடு விட்டுத்தான்."

மறுபடி திரையைப் பார்த்தார். பிறகு, "அப்ப ஒரு செடிதான் அடியால ஓடி ஓடி அந்தப் பக்கம் முழுக்கப் புடிச்சிருக்கு போல" என்று சொல்லித் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். என்னைச் சந்தேகிப்பதைவிட அவருக்கு அந்தச் செடியைப் பற்றி ஒரு விளக்கம் தேடுவது இலகுவாக இருந்திருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் இது ஒரு சின்னப் பொய்யாக எனக்குள் கிடந்து மக்கியிருக்கும். ஆனால் அடுத்து விதை சேகரிக்க வேண்டியிருந்தது. காட்டு நெல் முற்றிய சில நாட்களுக்குள் கதிர்களுக்கு வலைப்பை கட்டாவிட்டால் மணியெல்லாம் சேற்றுக்குள் போய்விடும். ஐந்து இடங்கள் இருந்தன. அந்தப் பருவத்துக்குள் மூன்று இடத்துக்குத்தான் போக முடியும். வித்தியாசம் கூடிய இடங்களுக்கு முதலிடம் கொடுத்தார் மெடம். எங்கள் சதுப்பு பட்டியலில் கடைசிக்குப் போனது. "பெரும்பாலும் ஒரே செடிதானே. அடுத்த முறை பாப்பம்" என்றார். நான் பக்கத்தில் இருந்து அந்தப் பட்டியலைத் தட்டச்சுச் செய்தேன்.

அதே கிழமை சோறு தின்னும்போது வாப்பா உம்மாவிடம் சொன்னார்: "மேற்கால சதுப்ப நிரப்பிக் காணி விக்கிறாங்க. சின்னவளுக்கு அதுல ஒரு துண்டு புடிச்சிட்டன்." எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருங்கிப்போன எங்கள் ஊரில் இனி வீட்டுக்கு இடம் மேற்கேதான். எனக்குக் கட்டிய வீட்டோடு முன்பக்கத்து நிலம் முடிந்துவிட்டது. தங்கச்சிக்கு வேறு வழியில்லை. வாப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தக் காணிக்காகத்தான் நான் பேசாமல் இருந்தேனா என்றும் பலமுறை என்னைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை. விதை எடுப்பதால் காணி யாருக்கும் இல்லாமல் போய்விடாது. ஒரு நாள், நாலு பேர், கொஞ்சம் வலைப்பை போதும். மண் நிரப்பப் போகிறார்கள் என்று தெரிந்தும், மெடமிடம் அந்த ஒரு நாளைக் கேட்க நான் வாய் திறக்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மகள் பாலர் பாடசாலைக்குப் போகத் தொடங்கிய வருடம் மெடம் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு சந்தோசம். பழைய இலைகளை ஒரு மாணவி புதிய முறையில் மறுபடி பார்த்திருக்கிறாள். எங்கள் சதுப்பின் ஏழாம் உறையில் வேறெங்கும் இல்லாத ஓர் அடையாளம் இருக்கிறதாம். உப்பைத் தாங்கும் குணத்தோடு சேர்ந்து வரக்கூடியது. உறுதியாகச் சொல்ல முடியாது, விதை கிடைத்தால் வளர்த்துப் பார்த்துவிடலாம். "அந்த இடத்தைக் காட்டுவீங்களா பிள்ள?"

காட்டினேன். கிரவல் மண் போட்ட ஒழுங்கை, இரண்டு பக்கமும் மதில்கள், பூச்சுப் பூசாத வீடுகள். தங்கச்சி தன் வீட்டு வாசலிலிருந்து எங்களைக் கண்டுவிட்டாள்.

"ராத்தா, இந்த வெயிலுக்க என்னத்தத் தேடுறீங்க?"

"புல்லு."

"புல்லா? வாப்பா கொட்டின கிரவலுக்கு எலி கூடப் பொந்து தோண்ட ஏலாம ஓடிட்டு. நீங்க புல்லுத் தேடுறீங்க!" சிரித்துக்கொண்டே மெடமுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்தாள். மெடமும் சிரித்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு ஒழுங்கை முடியும் வரை நடந்து, ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். சீமெந்துக் கான். திரும்பி வந்து, "பிழை என்னுடையது. அந்தப் பன்னிரண்டையும் பாத்தே நான் ஓடி வந்திருக்கோணும். மற்றப் பதினெட்டும் என்னை ஏமாத்திப் போட்டுது" என்றார்.

பிழை என்னுடையது என்று அவர் சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"மெடம், அந்தப் பதினெட்டையும் நான் ஒரே புதர்ல கிள்ளின. கவடு விடல்ல. பொய் சொல்லிட்டன்."

தங்கச்சி ஒன்றும் விளங்காமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மெடம் கோப்பையை மதிலின் மேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"எந்த நம்பர்ல இருந்து?"

"பதின்மூண்டு."

"மற்றப் பன்னிரண்டும் சரியா?"

"அல்லாஹ் அறிய சரி மெடம்."

கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் குறித்துக்கொண்டார். ஆட்டோவில் திரும்பும் வழியெல்லாம் வெளியே பார்த்தபடி வந்தார். ஏழாம் உறை இன்னும் அவரிடம் இருக்கிறது. அந்த இலைத்துண்டை இன்னும் பல முறை வாசிக்கலாம். முளைக்க வைக்க முடியாது.

அந்தச் சதுப்பைப் பற்றி அவர் ஏற்கெனவே ஒரு கட்டுரையில் எழுதியிருந்தார். அதற்குத் திருத்தம் அனுப்பினார். என் பெயரையும் போட்டு அனுப்பச் சொல்லி நான் கடிதம் எழுதினேன். வீட்டில் என் கணவர், "புல்லுக்கு ஒரு மன்னிப்புக் கடிதமா? விடு புள்ள, ஆருக்குத் தெரியப் போகுது?" என்றார். பகிடியாகத்தான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. திருத்தம் வெளிவந்தபோது அதில் என் பெயர் இல்லை. மாதிரிகள் எடுக்கப்பட்ட விதத்தைத் தான் சரிபார்க்கத் தவறியதாக மெடம் தன் பெயரில் எழுதியிருந்தார்.

இனிக் கூப்பிடமாட்டார் என்றுதான் இருந்தேன். கூப்பிட்டார். போன மாதம் பாலமுனைக்கு அருகே ஓர் ஈரநிலத்துக்குப் போனோம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளையும் வந்திருந்தாள், திருக்கோவில் பக்கத்தவள், வாய் ஓயாதவள். படிவங்களைப் பகிர்ந்து தந்தபோது கவனித்தேன். முன்பு அதில் சேகரித்தவர் பெயருக்கு ஒரு வரிதான் இருந்தது. இப்போது அதற்குக் கீழே இன்னொரு வரி அச்சிட்டிருந்தது: உடன் நின்று பார்த்தவர்.

அந்தப் பிள்ளைதான் கேட்டாள். "மெடம், இலை கிள்ள ஒராள், அதைப் பாக்க ஒராளா? இதென்ன கலியாணப் பதிவா, சாட்சி வைக்க?"

மெடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "சேத்துக்க விழுந்தாத் தூக்கி விட ஒராள் வேணாமா?" என்றார். அவள் சிரித்தாள். நான் குனிந்து சப்பாத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சொல்ல நேரம் இருந்தது. எல்லோரும் இறங்கும்வரை நின்றுவிட்டுக் கடைசியாக இறங்கினேன். அன்று நான் கிள்ளிய முப்பது இலைக்கும் மெடம் என் பின்னால் நின்றார். ஒவ்வொரு முறையும் செடியைப் பார்த்து, பிறகு என் கவட்டைப் பார்த்து, அதன் பிறகுதான் இலக்கத்தை எழுதச் சொன்னார்.

அந்தப் பிள்ளை இதை எங்காவது வாசிக்க நேர்ந்தால் தெரிந்துகொள்ளட்டும். சேற்றுக்குள் யாரும் விழவில்லை. அந்த வரி என்னால் வந்தது.