வடிய விடாத வயல்

காரைக்காலை அடுத்த குரும்பகரத்தில் பிறந்து, அந்த மண்ணிலேயே அறுபத்தெட்டு ஆண்டுகள் உழைத்து, சென்ற மாசியில் கண்மூடிய எங்கள் அப்பாவைப் பற்றி இந்த நினைவு மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னான் தம்பி. அப்பா நல்லவர்தான். அதனால் என்னத்தைக் கண்டார்?

சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர். இருந்த ஐந்து மா நிலத்தில் பாடுபட்டு எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். வாய்க்கால் அடைத்துக்கொண்டால், அது யார் வயலுக்குப் போவதானாலும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். சும்மா இருக்கத் தெரியாத மனிதர்.

அப்பா இறப்பதற்கு முந்தின வருஷம், கார்த்திகை மழையில் சம்பாப் பயிர் அழுகியது. மற்றவர்கள் நிவாரணக் கணக்கெடுப்புக்காக வயலை அப்படியே போட்டுவைத்தார்கள். அப்பா தண்ணீரை வடித்து, பிழைத்த பயிர்க் குத்துகளைப் பிரித்தெடுத்து, அழுகின இடமெல்லாம் நட்டுவிட்டார். அதிகாரி வந்தபோது வயல் பச்சையாக நின்றது. 'பாதிப்பில்லை' என்று எழுதிக்கொண்டார். அவருக்கு மோர் வேறு கொடுத்து அனுப்பினார் அப்பா! நான் குடியிருக்கும் கோவில்பத்திலிருந்து ஓடிப்போய், அம்மா எதிரிலேயே, "உங்களுக்குக் கொஞ்சமாவது விவரம் இருக்காப்பா?" என்று கத்தினேன். ஆபீசில் வேலை பார்க்கிற மகள் அல்லவா!

அடுத்த வருஷத்துச் சம்பாவில், தை பிறந்ததும், அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்த நேரத்தில், காலங்கெட்ட மழை கொட்டியது. கதிரெல்லாம் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அப்பா மண்வெட்டியை எடுத்தார். நான் பிடுங்கி வைத்தேன்.

"இன்னைக்கே வரப்பை வெட்டித் தண்ணியை விட்டா பாதியாவது தேறும்மா."

"தேறின பாதியைப் பார்த்துட்டு, மறுபடியும் பாதிப்பில்லைன்னு எழுதிட்டுப் போவாங்க. ஆள் வந்து பார்க்கிற வரைக்கும் கை வைக்காதீங்க. சும்மா இருங்க."

வாழ்நாளில் முதல் தடவையாக அப்பா சும்மா இருந்தார். வரப்பு வரை போவார், திரும்பி வருவார். நாலாம் நாள் அம்மாவிடம், "முளைச்சிடுச்சு" என்றாராம். நெல் கதிரிலேயே முளைவிட்டிருந்தது.

அதிகாரி ஆறாம் நாள் வந்தார். விவசாயி வயலுக்குள் நின்றால்தான் போட்டோ செல்லும் என்றார். அப்பா அந்த அழுகல் தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கி நின்றார். "நிமிர்ந்து பாருங்க ஐயா." நிமிர்ந்தார்.

மறுநாள் காய்ச்சல். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. நான் போகும்போதெல்லாம் ஒன்றையேதான் சொன்னார்: "வெட்டி விட்டிருக்கலாம்மா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

காரியம் முடிந்த வாரத்தில் நிவாரணப் பட்டியல் வந்தது. அப்பாவின் பெயர் இருந்தது. "பரவாயில்லையே, மகள் கெட்டிக்காரி" என்று உங்களில் சிலர் என் காதுபடவே சொன்னீர்கள். நன்றாக இருங்கள்.

ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணையிருந்த சித்தப்பா வீட்டாருக்கும், பந்தல் போட்டு உதவிய தெருக்காரர்களுக்கும், வீணாய்ப்போன பயிரை அறுத்து அப்புறப்படுத்திய போலகத்து மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. போட்டோ எடுத்த அதிகாரிக்கும்தான். அப்பா நிமிர்ந்து பார்க்கிற படம் எங்களிடம் வேறு இல்லை. சுற்றியிருந்த தண்ணீரை நீக்கிவிட்டு அதைத்தான் இந்த மலரின் அட்டையில் போட்டிருக்கிறோம். கண் அப்படியே பேசுகிறது என்கிறார்கள், பார்த்தவர்கள் எல்லோரும். அப்பா கேமராவைப் பார்க்கவில்லை. அதிகாரிக்குப் பின்னால், வரப்பில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்.