கார்டு கேட்காத பெஞ்சு

என் மனைவி லலிதாவுக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வரும். ஒரு நீள பெஞ்சு. அதில் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியே மழை. வாசலில் செருப்புகள் நனைந்துகொண்டிருக்கின்றன. யாரும் பேசுவதில்லை, யாரும் எழுந்து போவதுமில்லை. அவ்வளவுதான். "இதுக்குப் போயா காலங்கார்த்தால சிரிச்சுக்கிட்டே எந்திரிக்கிறே?" என்று கேட்பேன். "உங்களுக்குப் புரியாது" என்பாள்.

புரியாமல் என்ன? முப்பத்திரண்டு வருஷம் அவள் ஒரு அரசாங்கத் தொழிற்சாலை டிஸ்பென்சரியில் நர்ஸ். நிரந்தர வேலைக்காரர்களுக்கு மட்டும்தான் வைத்தியம். யார் வந்தாலும் முதல் வார்த்தை, "கார்டு?" காண்டிராக்டில் வந்தவர்களிடம் அது இருக்காது. ஒரு நாள் ஒருவன் வெந்துபோன கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். வழக்கம்போல் கேட்டாள். அவன் கெஞ்சவில்லை. எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று வீட்டில் அவள் சோற்றைத் தொடவில்லை. கனவு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது.

ரிடையரான மறு மாதமே, நாங்கள் இருக்கும் மராத்தி ஊருக்குப் பக்கத்துத் தொழிற்பேட்டையான சாகணில் இலவச கிளினிக் திறக்கப்போகிறேன் என்றாள். பீஹார், ஒடிசா என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, கார் பாகங்கள் செய்யும் பட்டறைகளில் தினக்கூலிக்கு உழைக்கிறவர்களுக்காக. கார்டு, இன்ஷூரன்ஸ் எதுவும் கேட்கக்கூடாது. நான் அரசாங்க டிப்போவில் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன். எதிலும் ஓட்டை பார்ப்பது என் சுபாவம். பத்து ஓட்டை சொன்னேன். ஒன்றைக்கூட அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சாகணில் ஒரு மாவு மில்காரர் மில்லுக்குப் பின்னாலிருந்த அறையை இரண்டு மாதத்துக்குக் கொடுத்தார். ஆள் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம், இல்லாவிட்டால் சாவியைத் தந்துவிட வேண்டும் என்று பேச்சு. பாணேரில் இருக்கும் டாக்டர் ரோஹிணி, எங்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெண், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வருவதாகச் சொன்னாள். எங்கோ கழித்துப் போட்ட பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றை நான் தேடிப் பிடித்தேன். ஓட்டை பார்த்தவன்தான், ஆனாலும் பெஞ்சு நான் வாங்கியது.

ஏழு ஞாயிறு போயிற்று. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நாங்கள் குடியிருக்கும் தேஹு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ மாறி மாறிப் போய்ச் சேர்ந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மில் ஒரே சுருதியில் முனகிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் மாவுத்தூசி மிதந்து மிதந்து இறங்கி மேஜை, ஸ்டெதஸ்கோப், டாக்டரின் புருவம் எல்லாவற்றையும் வெள்ளையாக்கும். எனக்குக் கண் சொருகும். பாதித் தூக்கத்தில் பெஞ்சு நிறைந்திருப்பதுபோலத் தெரியும். விழித்தால் காலி. மூன்று பேரும் லலிதாவின் கனவுக்குள்ளேயே தப்பான வாசல் வழியாக வந்துவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

"ஆன்ட்டி, எனக்கு வர்றதுல ப்ராப்ளம் இல்ல" என்றாள் ரோஹிணி, தமிழைத் தேடித் தேடி. "பட்... யாருக்கும் வேணாம் போல இருக்கு." லலிதா பெஞ்சைத் துடைத்தாள். அடுத்த வாரம் சாவியைக் கொடுத்தாக வேண்டும். இத்தனை நாள் கேலி செய்த எனக்கே, வயிற்றுவலி என்று நானே போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது.

வெளியே டீக்கடையில் புலம்பினேன். டீக்காரர் அடுப்பைவிட்டு நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "காகா, சண்டே யாரு வருவா? இங்கே சுட்டி குருவார்தானே!" என்றார் ஹிந்தியில். மின்சாரத்தை ஏரியாவாரியாகப் பங்கிடுவதற்காக இந்தப் பட்டறைப் பக்கம் முழுக்க வியாழக்கிழமைதான் விடுமுறையாம். முப்பது வருஷமாக இருபது கிலோமீட்டர் தள்ளிக் குடியிருக்கிறோம். அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்களுக்கு ஞாயிறு கடவுள் கொடுத்த லீவு, வேறு மாதிரி இருக்குமென்று தோன்றவே இல்லை. மில்காரரைக் கேட்டால், "நீங்கள் கேட்கவில்லையே" என்கிறார். என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ரோஹிணி வேலையில் சொல்லி வியாழன் காலையை மாற்றி வாங்கினாள். அன்று தூறல். தெரு அதே தெருதான், ஊர் வேறு. கொடியெங்கும் துணி, சலூனில் கூட்டம், படிகளில் உட்கார்ந்து ஊருக்கு போன் பேசுகிறவர்கள். கதவைத் திறந்த அரை மணியில் பெஞ்சு நிறைந்தது. வாசலில் செருப்புகள் நனைந்துகொண்டிருந்தன. லலிதா அதைப் பார்த்தபடி நின்றாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜைக்குப் போனாள்.

முதலில் வந்தவனுக்கு விரல் வீங்கியிருந்தது, மேலே அழுக்குத் துணி. எதிரே உட்கார்ந்தான். லலிதா நிமிர்ந்தாள். "கார்டு?" என்றாள்.

அவள் கேட்கவில்லை, முப்பத்திரண்டு வருஷத்து நாக்கு கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்தான், செருப்பை மாட்டினான், போய்விட்டான். பெஞ்சில் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள்.

லலிதாவின் முகம் அப்படிப் போனதை நான் பார்த்ததே இல்லை. நாற்காலி சாய, வெறுங்காலோடு ஓடினாள். ஒரு படி ஏற என் தோளைப் பிடிக்கிறவள், சேற்றில் ஓடுகிறாள்! குடையோடு நான் பின்னால். டீக்கடை முன்னால் அவனுடைய நல்ல கையைப் பிடித்துவிட்டாள். அந்த அவசரத்தில் ஹிந்தியும் வரவில்லை, மராத்தியும் வரவில்லை. "போகாதப்பா. தப்பு என்னுது. எதுவும் வேணாம், வாப்பா" என்றாள் தமிழில். அவனுக்கு ஒரு எழுத்துகூடப் புரிந்திருக்காது. குனிந்து அவள் காலைப் பார்த்தான். பிறகு அவளோடு திரும்பி நடந்தான்.

எழுந்து நின்ற இரண்டு பேரும் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவர்களும் உட்கார்ந்தார்கள். லலிதா அந்தத் துணியைப் பிரிக்க ஆரம்பித்தாள். பெயர் என்ன என்றுகூடக் கேட்கவில்லை.